கொண்டைக்கடலையில் தொடங்குங்கள்: சிசரோ வழி வந்த ஆங்கிலச் சொற்களைப் பழக ஒரு வழிகாட்டி

ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தை விடாமல் படிக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தச் சங்கடம் வரும். வாக்கியத்தில் எல்லாச் சொல்லும் தெரிந்ததாக இருக்கும். நடுவில் 'ஃபிலிப்பிக்' என்று ஒன்று வழிமறித்து நிற்கும். அகராதியைப் புரட்டினால் 'கடுமையான கண்டனப் பேச்சு' என்று இருக்கும். நோட்டில் எழுதி வைப்போம். இரண்டு வாரத்தில் மறந்துபோவோம். அடுத்த மாதம் அதே சொல் வேறொரு கட்டுரையில் எதிரே வந்தால், முதல்முறை பார்ப்பது போலவே விழிப்போம்.

மாலை நேரங்களில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். இந்த மறதிக்கு நான் கண்ட மருந்து ஒன்றுதான்: சொல்லை அதன் பொருளோடு மட்டும் எழுதாதீர்கள், அது பிறந்த காட்சியோடு எழுதுங்கள். யார் பேசினார், யாரைப் பார்த்துப் பேசினார், எங்கே நின்று பேசினார் என்று மூன்று வரி போதும். இதைப் பழகுவதற்கு ரோமாபுரியின் சொற்பொழிவாளர் சிசரோவைவிட நல்ல ஆள் கிடையாது. அவருடைய பெயர், அவர் போட்ட சண்டைகள், அவர் சொன்ன வாசகங்கள், அவரே உட்கார்ந்து செய்த சொற்கள் என நான்கு வழிகளில் அவர் ஆங்கிலத்துக்குள் வந்திருக்கிறார். ஒரே மனிதரைத் தெரிந்துகொண்டால் இருபது சொற்கள் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு நினைவில் நிற்கும்.

முதலில் பெயர்

ஒரு பிடி கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, காலையில் ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே பிடித்துப் பாருங்கள். ஒரு முனை மூக்குபோலக் கூர்ந்திருக்கும். அதை ஒட்டி ஒரு மெல்லிய பள்ளம் ஓடும். கொண்டைக்கடலைக்கு லத்தீனில் 'சிசெர்' என்று பெயர். சிசரோவின் மூதாதை ஒருவருக்கு மூக்கு நுனியில் இதே போன்ற பள்ளம் இருந்ததாகவும், அதனால் குடும்பத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாகவும் பழைய கிரேக்க வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். அரசியலில் இறங்கும்போது இந்தக் கடலைப் பெயர் வேண்டாம், மாற்றிக்கொள் என்று நண்பர்கள் சொன்னார்களாம். அவர் கேட்கவில்லை. சிசிலித் தீவில் அதிகாரியாக இருந்தபோது கோயிலுக்கு ஒரு வெள்ளிப் பொருளைக் காணிக்கையாகக் கொடுத்தார். அதில் 'மார்க்குஸ் துல்லியுஸ்' என்ற முதலிரண்டு பெயர்களை மட்டும் எழுத்தில் பொறிக்கச் சொல்லி, மூன்றாவது பெயருக்குப் பதிலாக ஒரு கொண்டைக்கடலையைச் செதுக்கச் சொன்னார் என்பதும் புளூட்டார்க் தரும் செய்திதான்.

இங்கேயே உங்கள் முதல் சொல் கிடைத்துவிட்டது. ஆங்கிலத்தில் கொண்டைக்கடலையை 'சிக்பீ' என்கிறார்கள். அதில் உள்ள 'சிக்' கோழிக்குஞ்சு அல்ல. லத்தீன் சிசெர் பழைய பிரெஞ்சில் 'சிஷ்' ஆகி, ஆங்கிலத்தில் 'சிச்' ஆகி, காலப்போக்கில் மக்கள் வாயில் 'சிக்' என்று திரிந்தது. தாவரவியல் பெயரான 'சைசர் அரியட்டினம்' இன்றும் பழைய பெயரை அப்படியே வைத்திருக்கிறது. சுண்டல் தின்னும்போதெல்லாம் இந்த மனிதர் நினைவுக்கு வருவார்.

பெயரை எப்படி உச்சரிப்பது? ஆங்கிலத்தில் 'சிசரோ'. அவர் காலத்து ரோமானியர்கள் 'கிக்கெரோ' என்றே ஒலித்திருப்பார்கள். இத்தாலியர்கள் 'சிச்செரோனே' என்பார்கள். ஆங்கிலத்தில் பேசும்போது முதல் ஒலிப்பையே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் 'டல்லி' என்று ஒருவர் மேற்கோள் காட்டப்படுவார். யார் இந்த டல்லி என்று தேடி அலைய வேண்டாம். துல்லியுஸ் என்ற குடும்பப் பெயரைச் செல்லமாகச் சுருக்கியது அது; ஆள் நம்முடைய சிசரோதான்.

பெயரிலிருந்து பிறந்தவை

'சிசரோனியன்' என்பது பெயரடை. எப்போதும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். வெறுமனே 'நன்றாகப் பேசுகிற' என்று பொருள் கொண்டால் பாதிதான் பிடித்திருக்கிறீர்கள். அது குறிப்பது ஒரு வாக்கியக் கட்டுமானத்தை: துணைத்தொடர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏறி, முடிவு வரும்வரை கேட்பவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வைத்து, கடைசியில் வினையில் வந்து இறங்குகிற வாக்கியம். ஆங்கிலேயப் பிள்ளைகள் இதை மெனக்கெட்டுப் படிக்க வேண்டும். நமக்கு இது தாய்ப்பாலோடு வந்தது. 'மழை பொய்த்து, கிணறு வற்றி, கடன் கழுத்தை நெரித்து, பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போன பின்னும், அந்தக் கிழவர் நிலத்தை விற்கவில்லை.' கடைசிச் சொல் வரும்வரை கிழவர் விற்றாரா இல்லையா என்று தெரியாது. சிசரோவின் வாக்கியம் இப்படித்தான் நடக்கும். அதனால்தான் அவரைப் படிக்கும் தமிழ் மாணவர்கள் ஆங்கில மாணவர்களைவிடச் சீக்கிரம் நிதானப்படுகிறார்கள் என்பது என் அனுபவம்.

பயன்படுத்தும்போது கவனம் தேவை. ஒரு பேச்சைச் சிசரோனியன் என்றால் பெரும்பாலும் புகழ்ச்சி. ஆனால் நூல் மதிப்புரையில் ஒருவருடைய நடையைச் சிசரோனியன் என்றால், நீளமும் அலங்காரமும் சற்று மிகுதி என்ற குறிப்பும் இருக்கலாம். இந்த இரட்டைத்தன்மை பழையது. சிசரோ கையாளாத ஒரு லத்தீன் சொல்லைக்கூடத் தாங்கள் எழுதுவதில்லை என்று ஒரு கூட்டம் ஐரோப்பாவில் கிளம்பியபோது, எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் 1528இல் அவர்களைக் கண்டித்து ஓர் உரையாடல் நூலையே எழுதினார்.

'சிசரோனி' என்பது வேறு. சிறிய எழுத்தில் எழுத வேண்டிய பெயர்ச்சொல்; இத்தாலியிலிருந்து வந்தது. இங்கிலாந்துச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் 18ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்குக் கல்விப் பயணம் போனபோது, இடிபாடுகளைச் சுற்றிக்காட்டி ஓயாமல் விளக்கம் சொன்ன வழிகாட்டிகளுக்கு இந்தப் பெயர். அவர்களுடைய பேச்சு வன்மையை வைத்துச் சிசரோ என்றே அழைத்திருக்கிறார்கள். சுற்றுலா வேனில் ஏறி 'இடதுபக்கம் பாருங்கள்' என்று சொல்லும் எல்லோரையும் இப்படி அழைக்கக் கூடாது. ஒரு கோபுரத்தின் ஒவ்வொரு நிலையையும் காட்டி, கட்டியவன் கதையும் கல்வெட்டின் கதையும் சொல்லக்கூடிய கற்றறிந்த வழிகாட்டிதான் சிசரோனி. அன்றாடப் பேச்சில் 'கைடு' போதும். எழுத்தில், ஒருவரை மதித்துச் சொல்லும்போது இதை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2008 முதல் பீர் வகைகளில் தேர்ந்தவர்களுக்குத் தேர்வு வைத்து இதே பெயரில் சான்றிதழ் தருகிறார்கள். அந்தச் செய்திகளில் சொல்லைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அச்சுத் தொழிலில் 'சிசரோ' ஓர் அளவு: ஐரோப்பியக் கண்டத்தில் எழுத்தை அளக்கும் டிடோ புள்ளிகளில் 12, சுமார் 4.5 மில்லிமீட்டர். அவருடைய நூல்களை ஆரம்பகாலத்தில் அச்சிட்ட எழுத்தின் அளவு என்பதால் இந்தப் பெயர் என்று சொல்வது வழக்கம். ஆங்கிலேயர்களுக்கு 'பைகா' என்று தங்கள் சொந்த அளவே இருந்ததால் இது அவர்களிடம் பெரிதாக நிலைக்கவில்லை.

சண்டையிலிருந்து பிறந்தவை

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். இங்கே இருக்கும் சொற்களைச் சிசரோ உயிர் கொடுத்து வாங்கியிருக்கிறார்.

கி.மு. 63. சிசரோ அந்த ஆண்டின் கான்சல், ரோமின் மிக உயர்ந்த இரண்டு பதவிகளில் ஒன்று. பரம்பரைப் பெருமை இல்லாத, அர்ப்பினும் என்ற சிற்றூரிலிருந்து வந்த மனிதர். கட்டிலினா என்ற உயர்குடிக்காரன் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்கிறான் என்று அவருக்குத் தகவல் வந்துவிட்டது. நவம்பரில் ரோமின் ஆட்சி மன்றமான செனட் கூடுகிறது. அந்தக் கட்டிலினாவே எதுவும் நடக்காதது போல உள்ளே வந்து உட்காருகிறான். அவன் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நகர்கிறார்கள். அவனைச் சுற்றி இருக்கைகள் காலியாகின்றன. சிசரோ எழுந்து, வணக்கம் முகமன் ஏதுமில்லாமல் தொடங்குகிறார்: 'எதுவரைக்கும், கட்டிலினா, எங்கள் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருப்பாய்?' சில வரிகள் கழித்து வருகிறது அந்தப் புகழ்பெற்ற கூவல்: 'ஓ டெம்ப்போரா, ஓ மோரெஸ்!' இது என்ன காலம், இது என்ன நடத்தை! 'செனட்டுக்கு இது தெரிகிறது, கான்சல் பார்க்கிறார், ஆனாலும் இவன் உயிரோடிருக்கிறான்' என்று பேச்சு மேலே போகிறது.

ஆங்கிலக் கட்டுரைகளில் இந்த நான்கு சொற்களை லத்தீனாகவே எடுத்தாளுவார்கள். 'காலம் கெட்டுப்போச்சு' என்ற நம் வீட்டுப் பெரியவர்களின் அங்கலாய்ப்போடு இதை ஒப்பிடலாம். ஆனால் சிசரோ திண்ணையில் உட்கார்ந்து புலம்பவில்லை, குற்றவாளியை எதிரே வைத்துக்கொண்டு பேசினார் என்பதை மறக்காதீர்கள். 'மோரெஸ்' என்ற சொல்லையும் பத்திரப்படுத்துங்கள். ஆங்கிலத்தில் அதை 'மோரேஸ்' என்று ஒலித்து, ஒரு சமூகத்தின் ஏற்கப்பட்ட நடத்தை முறைகளைக் குறிக்கப் பயன்படுத்துகிறார்கள். அது எப்போதும் பன்மை. அதற்கேற்ற வினையைப் போட வேண்டும்.

இப்போது 'ஃபிலிப்பிக்'. ரோமின் சர்வாதிகாரி ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டது கி.மு. 44 மார்ச்சில். அந்த இடத்தைப் பிடிக்கச் சீசரின் தளபதி மார்க் ஆண்டனி முனைந்தபோது, 62 வயதான சிசரோ அவனை எதிர்த்துக் கிளம்பினார். மறு ஆண்டு வரைக்கும் 14 உரைகள். அவற்றில் மிகக் கடுமையான இரண்டாவது உரை பேசப்படவே இல்லை. எழுதிச் சுற்றுக்கு விடப்பட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஏதென்ஸ் நகரத்து டெமாஸ்தனிஸ், மாசிடோனிய அரசன் இரண்டாம் பிலிப்பை எதிர்த்து உரைகள் நிகழ்த்தியிருந்தார். அலெக்சாந்தரின் தந்தைதான் அந்தப் பிலிப்பு. அந்த உரைகளின் பெயரையே சிசரோ தன் உரைகளுக்கும் எடுத்துக்கொண்டார். பிலிப்பு என்ற பெயருக்கும் ஆண்டனிக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபோதும் அந்தப் பெயர் நின்றது. அப்போதிருந்து ஃபிலிப்பிக் என்பது பொதுச்சொல் ஆகிவிட்டது.

ஆகவே இது வெறும் திட்டு அல்ல, தெருச்சண்டை வசவும் அல்ல. அதிகாரத்தில் இருக்கும், அல்லது அதைப் பறிக்க வரும் ஒருவரை நேராகக் குறிவைத்து, திட்டமிட்டு, கோபத்தோடு நிகழ்த்தும் உரை. தாமதமாக வந்த பஸ்ஸைப் பற்றி நீங்கள் கொட்டித் தீர்த்ததை ஃபிலிப்பிக் என்றால் சொல் வீணாகிறது. பொதுவாகச் சொல்லும்போது சிறிய எழுத்து, சிசரோவின் உரைகளைக் குறிக்கும்போது பெரிய எழுத்து. எழுத்துக்கூட்டலில் பலர் தவறுவது நடுவில்தான்: எல் ஒன்று, அதன்பின் பி இரண்டு.

இந்த உரைகளுக்கு விலை உடனே வந்தது. கி.மு. 43 டிசம்பர் 7 அன்று ஆண்டனியின் ஆட்கள் அவரைத் தேடிப்பிடித்து வெட்டினார்கள். தலையையும் கையையும் கொண்டுவந்து ரோமின் பொதுமன்றத்தில், அவர் நின்று பேசிய அதே மேடையில் மாட்டினார்கள். அந்த மேடையின் பெயர் 'ரோஸ்ட்ரா'. கி.மு. 338இல் ஆன்டியம் நகரத்தவரிடமிருந்து கைப்பற்றிய போர்க்கப்பல்களின் முனைகளை அறுத்து அந்த மேடையின் முகப்பில் பதித்திருந்தார்கள். லத்தீனில் ரோஸ்ட்ரம் என்றால் அலகு. கப்பலின் முட்டும் முனைக்கும் அதே சொல். ஆங்கிலத்தில் இன்று 'ரோஸ்ட்ரம்' என்றால் பேச்சு மேடை. விலங்கியலில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது: இறால் உரிக்கும்போது கையில் குத்துமே தலையில் ஒரு முள், அதற்கும் ரோஸ்ட்ரம் என்றுதான் பெயர். இறால்முள்ளையும் மேடையையும் கப்பலையும் ஒரே பக்கத்தில் வரைந்து வையுங்கள், மறக்கவே மறக்காது.

வாசகங்கள்: எல்லாவற்றையும் ஒரே நாளில் விழுங்க வேண்டாம்

முதலில் 'குயி போனோ'. ஆங்கிலத்தில் 'க்வீ போனோ' என்பது போல ஒலிப்பார்கள். சிசரோவுக்கு 26 வயது. செக்ஸ்டஸ் ராஸ்கியுஸ் என்பவன் தன் தந்தையைக் கொன்றதாக வழக்கு. அவனுக்காக வாதாட யாரும் முன்வரவில்லை. காரணம், செத்தவரின் சொத்தை ஏலத்தில் எடுத்தவன் சர்வாதிகாரி சுல்லாவுக்கு வேண்டிய கிரிசோகோனஸ். 60 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) பெறுமான சொத்தை அவன் வெறும் 2,000 செஸ்டர்ஸுக்கு எடுத்திருந்தான். காசியஸ் என்ற பழைய நீதிபதி வழக்குகளில் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வியை, அவர் பெயரைச் சொல்லியே இளைஞர் சிசரோ நீதிமன்றத்தில் எழுப்பினார்: இதனால் ஆதாயம் யாருக்கு?

பலர் இதை 'இதனால் என்ன பயன்' என்று தவறாகப் பொருள் கொள்கிறார்கள். கேள்வி 'என்ன' அல்ல, 'யாருக்கு'. குற்றமோ குளறுபடியோ நடந்த இடத்தில் ஆதாயம் அடைந்தவரைத் தேடும்போது மட்டுமே இது பொருந்தும். வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வாதாடுவதைச் சொல்லும் 'ப்ரோ போனோ' வேறு; இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

அடுத்து 'சோர்ட் ஆஃப் டாமக்ளீஸ்'. சிராக்கூஸ் நகரத்து கொடுங்கோலன் டயனீசியஸைப் பார்த்து, உன்னைவிடப் பேறுபெற்றவன் உண்டா என்று டாமக்ளீஸ் முகத்துதி செய்கிறான். 'அனுபவித்துப் பார்க்கிறாயா' என்று கேட்டு அரசன் அவனைப் பொன் கட்டிலில் அமர்த்துகிறான். வாசனை, மாலை, விருந்து எல்லாம் வருகின்றன. அண்ணாந்து பார்த்தால், ஒற்றைக் குதிரைமயிரில் கட்டிய வாள் அவன் கழுத்துக்கு நேராகத் தொங்குகிறது. தட்டை நோக்கிக் கை நீளவில்லை; போய்விடுகிறேன், விட்டுவிடு என்று கெஞ்சுகிறான். இந்தக் கதை ஆங்கிலத்துக்கு வந்தது சிசரோவின் எழுத்து வழியாகத்தான். நம் நாளிதழ்களும் 'தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது' என்று எழுதுகின்றன. ஆனால் வாள் விழுந்துவிட்ட பிறகு இதைச் சொல்லக் கூடாது. எந்த நேரமும் விழலாம், இன்னும் விழவில்லை என்ற நிலைக்கு மட்டுமே இது. 1961இல் ஐக்கிய நாடுகள் அவையில் கென்னடி அணு ஆயுதங்களை இந்த வாளுக்கு ஒப்பிட்டார். அதைவிடச் சரியான பயன்பாட்டைக் காட்ட முடியாது.

சட்டம் படிப்பவர்களுக்கு இரண்டு. 'சாலுஸ் பாப்புலி சுப்ரேமா லெக்ஸ்', மக்கள் நலனே தலையாய சட்டம் என்ற வாசகம், அவருடைய 'சட்டங்கள்' பற்றிய நூலில் வருகிறது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக்கு இதுவே குறிக்கோள் உரை. இன்னொன்று, 'ஆயுதங்கள் மோதும்போது சட்டங்கள் மௌனமாகின்றன' என்று மிலோ என்பவனுக்காக அவர் தயாரித்த வாதத்தில் வருவது. 1941இல் இங்கிலாந்தில் லார்ட் அட்கின் ஒரு வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதும்போது, இந்த நாட்டில் ஆயுதங்கள் மோதும்போதும் சட்டங்கள் மௌனமாக இல்லை என்று இதைத் திருப்பிப்போட்டார். போர்க்காலத்தில் ஒரு நீதிபதி அப்படி எழுதுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

போருக்குப் பணமே நரம்பு என்னும் 'சினியூஸ் ஆஃப் வார்' ஐந்தாவது ஃபிலிப்பிக்கில் இருக்கிறது. பழக்கம் இரண்டாவது இயல்பு ஆகிவிடும் என்ற 'செகண்ட் நேச்சர்' அவருடைய எழுத்தில் உண்டு. நம் 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' அதற்கு அண்டை வீடு. ஹெரடோட்டஸை 'வரலாற்றின் தந்தை' என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அந்தப் பட்டம் கொடுத்தவரும் இவர்தான். கொடுத்த அதே வாக்கியத்தில், அவரிடம் கட்டுக்கதைகளும் கணக்கில்லாமல் இருக்கின்றன என்றும் சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும் அவர் சொன்னதல்ல, அவரைப் பற்றிச் சொன்னது. புரியாத எதையும் ஆங்கிலத்தில் 'இட் வாஸ் கிரீக் டு மீ' என்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில், சிசரோ என்ன பேசினார் என்று காஸ்காவிடம் கேட்கிறார்கள். அவர் கிரேக்கத்தில் பேசினார், எனக்கு அது கிரேக்கமாகவே இருந்தது என்கிறான் காஸ்கா. நாடகத்தில் அவன் அதைச் சொல்லுக்குச் சொல் உண்மையாகவே சொன்னான்; இன்று நாம் அதை உவமையாகச் சொல்கிறோம்.

அவரே செய்த சொற்கள்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான்.

கி.மு. 45இல் சிசரோவின் அருமை மகள் துல்லியா இறந்தாள். சீசரின் ஆட்சியில் அவருக்கு அரசியல் வேலை எதுவும் இல்லை. துக்கத்தோடு ஒதுங்கியவர், கிரேக்கத் தத்துவத்தை லத்தீனில் எழுத உட்கார்ந்தார். உடனே தடை வந்தது. படித்தவர்கள் கிரேக்கத்திலேயே படித்துக்கொள்வார்கள், கிரேக்கம் தெரியாதவர்கள் தத்துவத்தைத் தொடவே மாட்டார்கள், பிறகு லத்தீனில் யாருக்காக எழுதுவது? இந்த வாதத்தை அவர் தன் நூலிலேயே வாரோ என்ற அறிஞரின் வாயில் வைத்து, அதற்குப் பதிலும் சொல்கிறார்: கிரேக்கத்தைத் தழுவிய லத்தீன் கவிஞர்களை விரும்பிப் படிக்கிறார்களே, தத்துவத்தை மட்டும் ஏன் படிக்க மாட்டார்கள்? தமிழில் அறிவியல் எழுதிய ஒவ்வொருவரும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், இதே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். முதன்முதலில் இதைப் படித்தபோது நூலை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

அவர் செய்த வேலையைப் பாருங்கள். பிளேட்டோ கிரேக்கத்தில் 'எப்படிப்பட்டது' என்ற கேள்விச் சொல்லிலிருந்து ஒரு பெயர்ச்சொல்லைச் செய்திருந்தார். சிசரோ அதே வழியில், லத்தீனில் 'எப்படிப்பட்ட' என்று பொருள்படும் 'குவாலிஸ்' என்பதோடு ஒரு விகுதியைச் சேர்த்து 'குவாலிட்டாஸ்' என்றார். கிரேக்கர்களிடமே இது பொதுமக்கள் சொல் அல்ல, தத்துவக்காரர்கள் சொல்தான் என்ற விளக்கத்தையும் சேர்த்தே எழுதினார். அந்தச் சொல்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'குவாலிட்டி' ஆயிற்று. இன்று நம் ஊர்க் காய்கறிக் கடையில் 'நல்ல குவாலிட்டிம்மா' என்று தக்காளியைக் காட்டிச் சொல்கிறார்களே, அது ஒரு தத்துவ நூலுக்காகச் செய்யப்பட்ட சொல்.

'மாரல்' இன்னொன்று. நடத்தைகளைக் குறிக்கும் 'மோரெஸ்' ஏற்கெனவே உங்கள் நோட்டில் இருக்கிறது. லத்தீன் மொழியை வளர்க்க வேண்டுமானால் தத்துவத்தின் இந்தப் பிரிவை 'மொராலிஸ்' என்று அழைப்பது தகும் என்று வெளிப்படையாகவே எழுதி, சொல்லை அறிமுகப்படுத்தினார். தமிழ் ஒழுக்கமும் இப்படித்தான்: ஒழுகுதல், அதாவது நடந்துகொள்ளுதல், அதிலிருந்து ஒழுக்கம். இரண்டு மொழிகளும் ஒரே ஊற்றில் நீர் எடுத்திருக்கின்றன.

'எவிடென்ஸ்' என்பதன் தாயான 'எவிடென்டியா'வைப் பயன்படுத்தும்போது, தேவைப்பட்டால் சொற்களை நாமே செய்துகொள்வோம் என்ற பொருள்பட எழுதுகிறார். பார்வைக்குத் தெளிவாகத் தெரிவது என்பதுதான் அதன் பொருள். அதனால் 'எவிடென்ட்' என்றால் கண்கூடு. 'இன்டிஃபரன்ட்' நல்லதும் அல்லாத, கெட்டதும் அல்லாத பொருள்களுக்கு, அறம் ஒன்றே நன்மை என்ற கிரேக்க ஸ்டோயிக் தத்துவத்துக்காக அவர் எடுத்தாண்டது. இன்று அக்கறையற்ற என்ற பொருளுக்கு வந்துவிட்டது. 'புரொபோர்ஷன்' என்பதை எழுதும்போது, இதை முதன்முதலில் நாம்தான் புகுத்துகிறோம், துணியத்தான் வேண்டும் என்கிறார். பேரின்பத்துக்கு 'பியாட்டிடூடோ' என்று செய்துவிட்டு, கரடுமுரடாகத்தான் இருக்கிறது, பழகப் பழக மென்மையாகும் என்று எழுதினார். ஆங்கிலத்தின் 'பியாட்டிட்யூட்' அதுதான்.

இப்போது ஒரு சிறு பயிற்சி, கையை நீட்டுங்கள். ஸ்டோயிக் தத்துவத்தைத் தொடங்கிய ஜீனோ செய்து காட்டியதாகச் சிசரோ விவரிப்பது இது. விரல்களை விரித்து உள்ளங்கையைக் காட்டுங்கள்: இது கண்ணில் படுதல். விரல்களைச் சற்று மடக்குங்கள்: இது ஒப்புக்கொள்ளுதல். முழுதும் மூடி முட்டியாக்குங்கள்: இதற்குத்தான் 'காம்ப்ரிஹென்ஷன்' என்று பெயர், பிடித்தல். இப்போது இடது கையால் அந்த முட்டியை இறுகப் பற்றுங்கள்: இது அறிவு. 'எனக்கு இன்னும் பிடிபடவில்லை' என்று தமிழில் சொல்கிறோமே, அந்தப் பிடிதான் இதுவும். வகுப்பில் ஒருமுறை எல்லோரையும் இதைச் செய்ய வைத்தேன். காம்ப்ரிஹென்ஷன் பகுதி என்றாலே தேர்வில் பயந்த ஒரு அம்மா, மறுவாரம் கேள்வித்தாளைப் பார்த்ததும் முட்டியை மூடிக் காட்டினார்.

லோரம் இப்சம்

கல்யாணப் பத்திரிகை மாதிரியோ இணையதள வரைவோ பார்த்திருந்தால், 'லோரம் இப்சம்' என்று தொடங்கும் பொருளற்ற பத்தியையும் பார்த்திருப்பீர்கள். அது வெறும் உளறல் அல்ல. கி.மு. 45இல் சிசரோ எழுதிய, நன்மை தீமைகளின் எல்லைகள் பற்றிய நூலின் சிதைந்த துண்டு. வலி என்று பொருள்படும் 'டொலோரெம்' என்ற சொல்லின் முதல் அசை உதிர்ந்து லோரெம் ஆகியிருக்கிறது. வலி என்பதற்காகவே வலியை விரும்பித் தேடுபவர் எவரும் இல்லை என்பது அந்த இடத்தின் கருத்து. பேசுவது, இன்பமே வாழ்வின் நோக்கம் என்ற கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸ் வழி நிற்கும் ஒரு பாத்திரம். சிசரோ அடுத்த பகுதியில் அதை மறுக்கிறார். வர்ஜீனியாவின் ஹாம்ப்டன்-சிட்னி கல்லூரியைச் சேர்ந்த லத்தீன் அறிஞர் ரிச்சர்ட் மெக்ளின்டாக், அந்தப் பத்தியில் இருந்த அரிய சொல் ஒன்றைத் துப்பாக வைத்து மூலத்தைக் கண்டுபிடித்தார். ஆங்கிலத்தில் இதை நிரப்பு வாசகம் என்ற பொருளில் பெயர்ச்சொல்லாகவே பயன்படுத்தலாம்.

கடைசியாக, போலிகளைத் தள்ளுங்கள்

சிசரோ பெயரில் உலவும் ஆங்கில மேற்கோள்களில் பல அவருடையவை அல்ல. 'புத்தகம் இல்லாத அறை உயிரில்லாத உடல்' என்பதை அவர் எழுதிய இடமே கிடையாது. வரவுசெலவுத் திட்டம் சமன்செய்யப்பட வேண்டும், கருவூலம் நிரப்பப்பட வேண்டும் என்று நீளும் ஒன்று, 1965இல் வெளிவந்த ஒரு நாவலிலிருந்து கிளம்பியது. உங்கள் கட்டுரையில் சேர்க்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த உரை, எந்த நூல், எந்தக் கடிதம்? அந்தப் பெயர் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். 'தோட்டமும் நூலகமும் இருந்தால் எல்லாம் இருக்கிறது' என்பது கொஞ்சம் திரிந்த உண்மை. வாரோவுக்கு எழுதிய கடிதத்தில் இருப்பது: உன் நூலகத்தில் ஒரு தோட்டமும் இருந்தால் குறை ஒன்றும் இருக்காது.

அடுத்து நேராக மூலத்துக்குப் போக விரும்பினால், கட்டிலினாவுக்கு எதிரான முதல் உரையை ஆங்கில மொழிபெயர்ப்பில் எடுங்கள். பழைய மொழிபெயர்ப்புகள் காப்புரிமை முடிந்து பெர்சியஸ் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் பத்தியை மட்டும், எழுந்து நின்று, வாய்விட்டுப் படியுங்கள். எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.